முகப்பில் நான் நின்றேன், பின்வாசல் திறந்து கிடந்தது

2019 மே மாதம் முதல் வாரம். கொழும்பில் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள், அதில்தான் நான் மேனேஜர். ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, புதிதாக வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள், சந்தேகமாக இருந்தால் உடனே போன் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு பையன் வந்து இறங்கினான். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசிருக்கும். தாடி, முதுகில் பெரிய பை, கையில் கேமரா ஸ்டாண்டு. இளையான்குடி பக்கத்துக்காரன், சென்னையில் கட்டடக்கலை படிக்கிறான், இரண்டு ராத்திரிக்கு ஆன்லைனில் புக் செய்திருந்தான். ஆதார் கேட்டேன், கொடுத்தான். முஸ்லிம் பெயர். அதைப் பார்த்ததும் காலேஜ் அட்டை கேட்டேன், அதையும் கொடுத்தான். அப்புறம் அப்பா நம்பர் கேட்டேன். முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் கொடுத்தான்.

சாயங்காலம் பார்த்தால் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், உட்கார்ந்து தூண்களை டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறான். இரண்டாங்கட்டுக்கு எத்தனை வாசல், மாடிப்படி எங்கே முடியுது, பின்தெருப் பக்கம் கதவு இருக்கா என்று சமையல்காரரிடம் கேட்டிருக்கிறான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கல்லாவுக்குப் பின்னால் போய் நின்று ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அதே வளவில் அதே தூண்களை எத்தனையோ பிரெஞ்சுக்காரர்கள் அளந்திருக்கிறார்கள். அதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். செட்டிநாட்டு வீடு என்றால் அவர்களுக்கு அவ்வளவு பைத்தியம். அவர்களில் ஒருவருக்கு நானே ஏணி பிடித்திருக்கிறேன், சாவியை எடுத்துக் கொடுத்து மாடிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு வயிற்றைப் பிசையவில்லை.

போலீஸ் வந்தது. பையனை முகப்புத் திண்ணையில் உட்கார வைத்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கேள்வி. பையைக் கொட்டிப் பார்த்தார்கள், பென்சிலும் வரைபடத் தாளும் இரண்டு சட்டையும் இருந்தன. கடைசியில் அவனுடைய பேராசிரியர் போனில் பேசியதும் சரி என்று விட்டார்கள். கிளம்பப் போன எஸ்.ஐ., சும்மா என் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"இந்த நாலு ரூம் யாரு? பேரே இல்ல, ஐடி எங்க?"

"கல்யாணத்துக்கு வந்தவங்க சார். நம்ம சொந்தக்காரங்க மாதிரி."

"மாதிரின்னா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பட்டுச்சேலையும் வேட்டியுமாக, வெற்றிலைத் தட்டோடு பின்தெருவில் வேனை நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தார்கள், நாலு சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எங்கள் பக்கத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்குப் புரியும், ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல், இடையில் கட்டுகட்டாக வீடு. நான் முன்தெருவில் ஒரு பையனின் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்தெரு வழியாகப் பன்னிரண்டு பேர் பெயர்கூட எழுதாமல் உள்ளே போயிருக்கிறார்கள். எஸ்.ஐ. ஒவ்வொரு ரூமாகத் தட்டச் சொன்னார். தட்டியதில் ஒருவர் எந்தப் பக்கத்து ஆள் என்றே யாருக்கும் தெரியவில்லை. பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று. கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்த ஆசாமியாகத்தான் இருக்கும், ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. ஆனாலும் அன்றைக்கு என் கூரைக்குக் கீழே யாரென்று தெரியாத ஒரே ஆள் அவர்தான், நான் நிமிர்ந்துகூடப் பார்க்காத ஆளும் அவர்தான்.

பையன் மறுநாள் விடியற்காலையிலேயே ரூமைக் காலி செய்தான். இரண்டாம் நாள் வாடகையைத் திருப்பித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். "அண்ணே, நீங்க செக் பண்ணதுல தப்பு இல்ல. என்னை மட்டும் பண்ணீங்க பாருங்க, அதான்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாசல்படி இறங்கும்போது, "அரசியல் சட்டத்துல பதினஞ்சுல ரெண்டு படிச்சுப் பாருங்கண்ணே, ஓட்டல்னே எழுதியிருக்கு" என்றான். படித்துப் பார்த்தேன். மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாக வைத்துக் கடைக்கோ ஓட்டலுக்கோ போகும் எந்தக் குடிமகனுக்கும் தடையோ நிபந்தனையோ போடக்கூடாது என்று இருக்கிறது. ஓட்டல் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் ஆச்சிக்கு விஷயம் போனது. எண்பதைத் தாண்டியவர்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். "கொழும்புல நீ பட்டதையெல்லாம் எனக்குக் கதை கதையாச் சொன்னியே தம்பி, அந்தப் பையன்ட்ட சொன்னியா?"

நான் கொழும்பில் இருந்தது 1994 முதல் 2008 வரை. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கி மீது விடுதலைப் புலிகள் வெடிமருந்து லாரியைக் கொண்டுபோய் மோதினார்களே, அன்று கடையில்தான் இருந்தேன். கண்ணாடி அலமாரி அதிர்ந்ததும் வெளியே வந்து பார்த்தால் வானத்தில் கறுப்புப் புகை. தொண்ணூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலையில் தெஹிவளையில் ரயிலில் குண்டு, அதில் அறுபதுக்கு மேல். அதற்கப்புறம் பஸ்ஸில் பக்கத்தில் யாராவது பை வைத்தால் எனக்கும் உடம்பு வேர்க்கும், தமிழ்ப் பெண்ணாக இருந்தால் இன்னும் கூடுதலாக. ஆகவே பயம் பொய் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பயம் நிஜம்தான்.

ஆனால் அந்தப் பயத்துக்காக நடந்தது என்ன? காலையில் கதிரேசன் கோவிலில் பூசிய விபூதியை வெளியே வரும்போதே அழித்துவிடுவேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்துவார்கள், சிங்களவர்கள் உட்கார்ந்திருக்க, தமிழ்ப்பெயர் அட்டை வைத்திருப்பவர்கள் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் என்னை விட்டுவிடுவார்கள், ஆனால் பையிலிருந்து அதை எடுக்கிற வரைக்கும் நானும் சந்தேகத்துக்குரிய ஆள்தான். கையை மெதுவாக விடவேண்டும், டக்கென்று விட்டால் துப்பாக்கி நிமிரும். 2007 ஜூன் 7 விடியற்காலையில் புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பக்கத்து லாட்ஜ்களுக்குள் போலீஸ் புகுந்து, சரியான காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறீர்கள் என்று 370க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியா உள்பட வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை போட்டது, பிரதமரே பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்த லாட்ஜ் ஒன்றில் எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிற ஒருவர் இருந்தார். திரும்பி வந்தார், ஆனால் அதற்குப் பிறகு போலீஸைப் பார்த்தால் தெருவை மாற்றிக்கொண்டு போவார். அவர் காதில் ஏதாவது முக்கியமான தகவல் விழுந்திருந்தாலும் போலீஸிடம் போய்ச் சொல்லியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

இத்தனை சோதனையையும் வைத்துக்கொண்டுதான் 2006 ஏப்ரலில் ராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே, கர்ப்பிணி வேஷத்தில் ஒரு பெண் போய்த் தளபதி மீது குண்டை வெடித்தாள். கர்ப்பிணியை யார் சந்தேகப்படுவார்கள் என்பதுதான் கணக்கு. நாம் எந்த முகத்தைத் தேடுகிறோம் என்று எதிராளிக்கும் தெரியும், அந்த முகம் இல்லாத ஆளைத்தான் அனுப்புவான்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றபோது எனக்கு வயசு பத்தொன்பது. தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர்தான் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பார், அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வேன். ஒரே வாரத்தில் எங்கள் அப்பா வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர்கள் எதுவும் செய்யவில்லை என்று அப்பாவுக்கும் தெரியும். "ஊர் என்ன சொல்லும்" என்றார், அவ்வளவுதான். வண்டியில் சாமானை ஏற்றும்போது நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே இறங்கிப் போய்க் கை கொடுக்கவில்லை.

சரி, இப்போது வாதத்துக்கு வருகிறேன். எங்கள் ஓட்டலில் ராத்திரிச் சாப்பாடு ஒரே நீள மேசையில்தான். பையன் விஷயம் நடந்த கொஞ்ச நாளில் ரிட்டையரான பேங்க் அதிகாரி ஒருவர் வந்து தங்கியிருந்தார், அவரிடம் சொன்னேன். அவர், "நீங்க செஞ்சதுதான் சரி. எல்லாரையும் செக் பண்ண ஆளும் நேரமும் கிடையாது. எண்பது வயசுப் பாட்டியோட சுருக்குப்பையைத் துழாவி என்ன புண்ணியம்? யார்கிட்ட இருந்து ஆபத்து வருதோ அவங்களைப் பாக்கறதுதான் புத்திசாலித்தனம்" என்றார். இது சாதாரண வாதம் இல்லை. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு படித்தவர்களே இதைத்தான் சொன்னார்கள். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். இப்போது அவர் வந்தால் சொல்வதற்கு இருக்கிறது.

இஸ்ரேலில் லோட் விமான நிலையம், 1972 மே 30. காவலர்கள் அரபு முகங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வயலின் பெட்டியோடு இறங்கிய மூன்று ஜப்பானியர்களை யாரும் கவனிக்கவில்லை. பெட்டிக்குள் துப்பாக்கி, 26 பேர் செத்தார்கள். அமெரிக்காவில் ஓக்லஹோமா, 1995 ஏப்ரல் 19, 168 பேர் பலி. மத்தியக் கிழக்குக்காரன் வேலை என்று உடனே பேச்சு கிளம்பி, ஜோர்டானில் பிறந்த ஒரு அமெரிக்கரை லண்டனில் மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். குண்டு வைத்த திமோதி மெக்வே வெள்ளைக்காரன், முன்னாள் ராணுவத்தான். வெடித்து ஒன்றரை மணி நேரத்தில் நெடுஞ்சாலையில் அவனை நிறுத்தியது எதற்காகத் தெரியுமா? காரில் நம்பர் பிளேட் இல்லை என்பதற்காக.

முகத்தைப் பார்க்காமல் பிடித்த கதையும் உண்டு. 1986 ஏப்ரல், லண்டன் ஹீத்ரோ. இஸ்ரேல் விமானத்தில் ஏற வந்தவள் ஐரிஷ்காரப் பெண், நிஜமான கர்ப்பிணி. அவளைப் பார்த்து யாரும் பயந்திருக்க மாட்டார்கள். எதற்குப் போகிறாய், எங்கே தங்குவாய், யார் டிக்கெட் எடுத்தார்கள் என்று கேட்டதில் பதில்கள் ஒட்டவில்லை, பையைப் பிரித்தார்கள், அடியில் வெடிமருந்து. காதலன் வைத்தது, அவளுக்கே தெரியாது. இஸ்ரேலில் அரபுப் பயணிகளைத் தனியே நிறுத்தி வறுத்தெடுப்பதும் நடக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த விமானத்தைக் காப்பாற்றியது கேள்விதான்.

ஆளும் நேரமும் கிடையாது என்றாரே பேங்க்காரர், அதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்கா 2002இல் 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்கள், பதினாறு வயசுக்கு மேற்பட்டவர்கள், நேரில் வந்து கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்றது. வடகொரியாவைத் தவிர எல்லாம் முஸ்லிம்கள் அதிகமுள்ள நாடுகள். எண்பதாயிரத்துக்கு மேல் பதிந்தார்கள், பதிமூன்றாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கியது. பயங்கரவாதக் குற்றத்துக்காக அதிலிருந்து தண்டனை வரைக்கும் போனவர் ஒருவர்கூட இல்லை. 2016 கடைசியில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் சந்தேகமே இல்லாமலும் நிறுத்திச் சோதிக்கலாம் என்று ஒரு சட்டப்பிரிவு இருந்தது. 2009-10இல் அதன்கீழ் ஒரு லட்சத்துக்கும் மேல் நிறுத்தினார்கள், அதில் பயங்கரவாதத்துக்காகக் கைதானவர் பூஜ்யம். ஆளும் நேரமும் கிடையாது என்கிறவர்கள்தான் இதையும் செய்தார்கள்.

இந்த எல்லாவற்றுக்கும் மேலாக என்னை உறுத்துவது அதே ஈஸ்டர் குண்டுதான். ஏப்ரல் 4ஆம் தேதியே இந்தியாவிலிருந்து இலங்கைக்குத் தகவல் போயிருக்கிறது. அதற்கு வருஷக்கணக்குக்கு முன்னாலேயே கிழக்கிலங்கைக் காத்தான்குடி முஸ்லிம்கள், குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரானைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, 250க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். 2023இல் இலங்கை உச்ச நீதிமன்றமே முன்னாள் ஜனாதிபதியும் அதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று நஷ்டஈடு கட்டச் சொன்னது. குண்டு வெடித்த மறு மாதமே முஸ்லிம் கடைகளை எரித்தார்கள், முன்கூட்டிச் சொன்னவர்களும் அதே சமூகம்தான். ஓட்டல்காரனாக இன்னொன்றும் கவனித்தேன். குண்டு வைத்தவர்களில் ஒருவன் நட்சத்திர ஓட்டலில் முந்தின நாளே வாடிக்கையாளனாக ரூம் எடுத்து, பொய் விலாசம் எழுதிக்கொடுத்து, காலைச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றிருக்கிறான். அந்த விலாசத்தை ஒரு போன் போட்டுச் சரிபார்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போயிருக்கிறது.

நகைக்கடையில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, முதலாளியின் தங்கச்சி கொண்டுவந்தாலும் உரைகல்லில் உரசிப் பார்க்காமல் வாங்காதே என்பது. தெரிந்தவர் கொண்டுவருகிற நகையில்தான் ஏமாந்திருக்கிறோம். இந்தப் பாடத்தைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன்.

இப்போது எங்கள் ஓட்டலில் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன், லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்குப் பயன்படலாம். அடையாள அட்டை இல்லாமல் சாவி கிடையாது, கல்யாணக் கூட்டமாக இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனி வரி. வெளிநாட்டுக்காரர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசுக்கு ஆன்லைன் படிவத்தில் போட்டாக வேண்டும், இது சட்டம். ஆனால் வெள்ளைக்காரர் வந்தால் நாளைக்குப் போட்டுக்கலாம் என்று விடுவதும் இலங்கைத் தமிழர் வந்தால் உடனே போடுவதும் எங்களிடமே இருந்தது, அதை நிறுத்தினோம். எல்லோரிடமும் அதே மூன்று கேள்வி, எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக, அடுத்து எங்கே. சிரித்துக்கொண்டே கேட்கலாம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. பின்வாசலைச் சாத்திவிட்டோம். போலீஸுக்குப் போன் போடுமுன் ஒரு சின்ன வேலை செய்வேன்: இதே காரியத்தை ஆச்சியின் பேரன் செய்தால் போன் போடுவேனா என்று கேட்டுக்கொள்வேன். போடுவேன் என்றால் தயங்காமல் போடவேண்டும், ஆள் யாராக இருந்தாலும். கேட்பாரற்ற பை, பொய் விலாசம், ரூமுக்குள் யாரையும் விடாமல் இருப்பது, இதெல்லாம் போன் போட வேண்டிய விஷயம்தான். இன்ன உயரம், இன்ன தழும்பு, இன்ன வண்டி என்று குறிப்பிட்ட ஆளைத் தேடி போலீஸ் வந்தால் அது வேறு, அந்த அடையாளத்தில் மதமோ இனமோ இருந்தாலும் அது ஒரு ஆளைப் பற்றியது.

நிறுத்தப்படுகிற பக்கம் இருப்பவர்களுக்கும் கொஞ்சம், பதினான்கு வருஷ அனுபவத்தில். கையை மெதுவாக அசையுங்கள், குண்டு, வெடி என்று ஜோக் அடிக்காதீர்கள். பாஸ்போர்ட்டிலும் டிக்கெட்டிலும் பெயர் ஒரே எழுத்தாக இருக்கட்டும். நமக்கு இனிஷியல், அப்பா பெயர் குழப்பம் எப்போதும் உண்டு, அதிலேயே பாதிப் பேர் மாட்டுகிறார்கள். பெயர் ஒற்றுமையால் அமெரிக்கப் பயணத்தில் திரும்பத் திரும்ப நிறுத்தினால் அந்த நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டு ஒரு தீர்வு எண் வாங்கலாம், டிக்கெட் போடும்போது அதைச் சேர்க்கலாம். அப்துல் கலாமையே நியூயார்க்கில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு கோட்டையும் ஷூவையும் வாங்கிச் சோதித்தார்கள், 2011இல். அதனால் நமக்கு நடந்தால் அவமானம் நம்முடையது என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் போலீஸ் கூப்பிட்டால் போய்ப் பேசலாம், ஆனால் விசாரணைக்கா, கைதா என்று முதலில் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். கைது என்றால் வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். யார் கேட்டார்கள், எத்தனை மணிக்கு என்று அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள், ஒரு வாரம் போனால் நமக்கே குழம்பிவிடும்.

அந்தப் பையனுக்கு ஒரு மாதம் கழித்துப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே" என்றான். திரும்ப வா, மாடிச் சாவி தருகிறேன், ஏணி நான் பிடிக்கிறேன் என்றேன். பார்க்கலாம் என்றான். இதுவரை வரவில்லை.

போன மாசம் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த ஒருவர், முஸ்லிம் பெயரில் தங்கினவர்கள் பட்டியல் மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றார். அப்படித் தனியாக எழுதுவதில்லை சார், முழுசாகப் பாருங்கள் என்று ரெஜிஸ்டரையே கொண்டுபோய் முன்னால் வைத்தேன். கொஞ்சம் முறைத்தார். உள்ளேயிருந்து ஆச்சி காப்பி கொடுத்து அனுப்பினார்கள். குடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டியவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"ஏழாம் நம்பர் ரூம். வண்டி நம்பர் எழுதல, ஐடி காப்பியும் இல்ல. யாருங்க இது?"

எட்டிப் பார்த்தேன். திருவிழாவுக்கு வந்திருந்த என் மச்சினன்.